கடுகு வயலின் காவல் தேனீ

மலையடிவாரத்துக் கடுகு வயல் முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பூ வாசத்தில் வயலே அரைத் தூக்கத்தில் மிதந்தது. தேனீ பூங்கோதையும் அப்படித்தான். பாதி நேரம் தேன் குடிக்கும். மீதி நேரம் பூவுக்குள் படுத்துக் கனவு காணும்.

அந்த வயலில் அசுவினிகள் நுழைந்திருந்தன. கடுகளவே உள்ள அந்தப் பூச்சிகள் தண்டோடு ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சின. அவை பெருகினால் பூ கருகும். பூ கருகினால் பூங்கோதையின் கூடே பட்டினி கிடக்கும். நல்லவேளை, அதன் தோழி பொறிவண்டு செவ்வந்தி அசுவினிகளைத் தின்றே அடக்கி வைத்திருந்தது.

ஒருநாள் செவ்வந்தி சொன்னது: "நான் ஓடைக்கு அப்பால் போய்வருகிறேன். என் பிள்ளைகள் இந்தத் தண்டுகளில்தான் இருக்கிறார்கள். எறும்பை மட்டும் உள்ளே விட்டுவிடாதே."

"நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை?" என்றது பூங்கோதை.

பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று அது கேட்கவில்லை. கேட்பானேன்? அம்மாவைப் போலச் சிவப்பாக, உருண்டையாக, கரும்புள்ளியோடு அவர்களைக் கனவிலேயே பார்த்துவிட்டதே.

வரப்பில் மூக்கன் என்ற கட்டெறும்பு காத்திருந்தது. அசுவினிகள் கசியவிடும் இனிப்புத் துளி என்றால் அதற்கு உயிர். உள்ளே வரப் பார்த்தபோதெல்லாம் பூங்கோதை கொடுக்கைக் காட்டி விரட்டியது. கடைசியில் மூக்கன் குரலைக் குழைத்துக்கொண்டது.

"காவல்கார அம்மா, என்னை விரட்டுகிறாயே, உள்ளே இருக்கும் திருடர்களைப் பார்த்தாயா?"

"என் காதில் பூ சுற்றாதே."

"அந்தத் தண்டைத்தான் பாரேன்."

பூங்கோதை பார்த்தது. அசுவினிகளுக்கு நடுவே கறுப்புப் புழுக்கள் ஊர்ந்தன. உடம்பெல்லாம் முள். சிவப்பாக ஒரு குழந்தையைக்கூடக் காணோம்.

"ஐயோ! பிள்ளைகளை இவை தின்றுவிட்டனவா?"

"அதைத்தானே சொல்ல வந்தேன். எங்களை விடு. ஒரு புழுவும் மிஞ்சாது."

பூங்கோதை வழிவிட்டது. எறும்புகள் வரிசையாக ஏறிப் புழுக்களைக் கடித்து இழுத்துப் போயின. பாவம், நல்லது செய்த நிறைவோடு அது மறுபடி பூவுக்குள் படுத்துவிட்டது.

சில நாளில் தண்டெல்லாம் அசுவினி அப்பியது. மொட்டுகள் கருகின. செவ்வந்தி திரும்பிவந்து செடி செடியாகத் தேடியது.

"என் பிள்ளைகள் எங்கே?"

"முள் முளைத்த கறுப்புப் புழுக்கள் தின்றுவிட்டன. அவற்றை எறும்புகளை விட்டு ஒழித்துவிட்டேன்."

செவ்வந்தி ஒரு கருகிய மொட்டின்மேல் போய் உட்கார்ந்தது. "சிறுவயதில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருப்போம், பூங்கோதை. அசுவினியைத் தின்னத்தான் அவர்கள் அங்கே இருந்தார்கள்."

பூங்கோதை தேம்பி அழுதது. "மறுபடி இங்கேயே முட்டையிடு. இனிமேல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன்."

"முட்டையிடுவேன். ஆனால் எந்தச் செடியில் என்று உன்னிடம் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செவ்வந்தி பனிக்குள் பறந்துபோனது.

காப்பவர் யார், கெடுப்பவர் யார் என்பதை உருவத்தைப் பார்த்து அல்ல, அவர் செய்யும் வேலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.