ஆசான் படித்த பல்கலைக்கழகம்

ஒஹையோ மாநிலத்தில் ஒரு நடுத்தர நகரம். அங்கே தமிழர்களுக்கு எல்லாம் உண்டு. கோயில் உண்டு, இட்லி மாவு உண்டு, சங்கம் இரண்டு உண்டு, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆசான் மட்டும் ஒருவர்தான். பெயர் தணிகாசலம், வயது ஐம்பத்திரண்டு. சனிக்கிழமைக் காலைகளில் தன் வீட்டு ஹாலில் தத்துவம் சொல்லித்தருவார்.

அந்த ஹாலில் ஒரு படம் மாட்டியிருந்தது. இளவயதுத் தணிகாசலம், கறுப்பு அங்கி, தோளிலிருந்து இறங்கும் ரோஜா நிறப் பட்டை, பின்னால் ஆறும் கல் கட்டடமும். இங்கிலாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் பட்டம் வாங்கிய அன்று எடுத்தது என்று ஊரே சொல்லும். புதிதாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார்கள்.

பைரவியும் அப்படி வந்து சேர்ந்தவள்தான். முப்பத்தொன்பது வயது, மருத்துவமனை மருந்தகத்தில் பதினைந்து வருட வேலை. வலி மாத்திரைக்கு அடிமையாகிக் கவுண்டருக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, இந்தக் கேடு எங்கே ஆரம்பித்தது என்று முறையாகப் படிக்கும் ஆசை அவளுக்கு வந்துவிட்டது. முதுகலைப் படிப்பு அமெரிக்காவில் என்றால் இரண்டு வருடம். பிரிட்டனில் ஒரே வருடம். வேலையில் அவளுக்குக் கிடைத்த விடுப்பும் ஒரே வருடம்.

இரண்டு இடங்களில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஒன்று ஸ்காட்லாந்தில். இன்னொன்று ஆசான் படித்த இடம். திங்கட்கிழமைக்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"சார், முடிவு பண்ணிட்டேன். நீங்க படிச்ச இடத்துக்கே போறேன்."

"அங்க இதைப் பத்தி யார் சொல்லித்தர்றாங்க?"

"தனியா யாரும் இல்ல. பொதுவா ஒரு பாடம் இருக்கு."

"ஸ்காட்லாந்துல?"

"அங்க ஒரு அம்மா இருபது வருஷமா இதையேதான் ஆராய்ச்சி பண்றாங்க. நான் ஒரு பக்கம் எழுதினேன், நாலு பக்கம் பதில் போட்டாங்க."

"அப்புறம் என்ன?"

பைரவி சிரித்தாள். "அந்த யுனிவர்சிட்டி பேரைச் சொன்னா இங்க யாருக்குத் தெரியும் சார்? எங்க அம்மாவே ரெண்டு தடவை 'என்னது, என்னது'ன்னு கேட்டாங்க. உங்க யுனிவர்சிட்டின்னு சொன்னதும் அன்னிக்கே கோயில்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. விண்ணப்பத்துலகூட உங்களைப் பத்தித்தான் எழுதினேன். உங்களை மாதிரி வரணும்னு."

தணிகாசலம் எழுந்து போய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுக்கலாமா என்று பைரவி நினைக்கும் அளவுக்கு அதன்மேல் தூசி இருந்தது. அதை மேசைமேல் வைத்தார்.

"அங்க ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு நிறம். இந்தப் பட்டை எந்தப் படிப்புக்குன்னு தெரியுமா?"

"தத்துவத்துக்கு."

"சங்கீதத்துக்கு."

"நீங்க சங்கீதமும் படிச்சிருக்கீங்களா சார்?"

"ஒரு ஸ்வரம் தெரியாது. உக்காருங்க. ஒருத்தன் கதை சொல்றேன்."

அவள் உட்கார்ந்தாள்.

"ஒஹையோவுல வளந்த பையன். இங்க வாரா வாரம் பரீட்சை, வாரா வாரம் மார்க். எதுல குறைஞ்சாலும் கூப்பிட்டுக் கேப்பாங்க. அங்க போனா வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் வகுப்பு. மீதிக்கு நூலகம் இருக்கு, நீ பெரியவன், நீயே படின்னு விட்டுட்டாங்க. அவனுக்கு அப்படிப் படிக்கத் தெரியல. யாராவது கேப்பாங்கன்னு காத்திருந்தான். மார்ச்சுலயே தேற மாட்டோம்னு தெரிஞ்சுபோச்சு."

"வீட்டுல சொன்னானா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம ஃபோன் பண்ணுவான். நல்லாப் போகுதுன்னு சொல்லுவான். அவங்க அப்பா அதைக் கோயில்ல சொல்லுவார்."

பைரவி படத்தைப் பார்த்தாள். பிறகு பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"ஆய்வுக் கட்டுரையை அவன் எழுதவே இல்ல. ஆனா பட்டமளிப்பு அன்னிக்கு அப்பாவுக்கு ஃபோட்டோ அனுப்பணுமே. அங்கி வாடகைக்குக் குடுக்குற கடைக்குப் போனான். எந்தப் பட்டம்னு கடைக்காரம்மா கேட்டாங்க. பயத்துல, வரிசையில முன்னாடி நின்னவன் சொன்னதையே இவனும் சொல்லிட்டான். அஞ்சு மணிக்குள்ள திருப்பிக் குடுக்கணும்னாங்க. ஆத்தோரம் நின்னு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு, மூணு மணிக்கே திருப்பிக் குடுத்துட்டான்."

அவர் படத்தின் கண்ணாடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"அப்பா அம்பது பிரதி போட்டார். ஊர்ல விழா வச்சாங்க, மாலை போட்டாங்க. அப்பா போனப்போ, காரியத்துல அவர் படத்துக்குப் பக்கத்துல இதையும் வச்சிருந்தாங்க. நான்தான் ரெண்டுக்கும் பொட்டு வச்சேன்."

பைரவிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. விண்ணப்பத்தில் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அவளுக்குக் காது சுட்டது. இந்த ஆளுக்காக எத்தனை சனிக்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்!

"மூணு வருஷமா எங்களை ஏமாத்தியிருக்கீங்க."

"ஏழு வருஷமா. நீங்க வந்துதான் மூணு."

"அப்போ நீங்க சொல்லிக்குடுத்ததெல்லாம்?"

"திரும்பி வந்தப்புறம் படிச்சது. ராத்திரி பகலாப் படிச்சேன். அது பொய் இல்ல."

"அதைச் சொல்லியே வகுப்பு எடுத்திருக்கலாமே!"

"ஃபோட்டோ மாட்டுறதுக்கு முன்னாடி ஆறு மாசம் எடுத்தேன். ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் என் மச்சான்."

முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் முதலில் எதைப் பார்த்தாள் என்பது அவளுக்கே தெரியும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இன்னிக்கு மட்டும் ஏன் சொன்னீங்க? நான் பேசாமப் போயிருப்பேன்."

"வேற யார் போறேன்னாலும் ஆசீர்வாதம் பண்ணி அனுப்பியிருப்பேன். நீங்க என்னை மாதிரி வரணும்னு சொன்னீங்க."

பைரவி கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போனாள். இனி இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை என்பது இருவருக்குமே தெரிந்துதான் இருந்தது. கதவில் கை வைத்தவள் திரும்பாமலே, கசப்போடு கேட்டாள்.

"கடைசியா ஒண்ணு சொல்லுங்க சார். திங்கக்கிழமை நான் எந்த ஊருக்குச் சரின்னு எழுதுறது?"

தணிகாசலம் சொன்னார்:

"எந்த ஊர்ல தோத்துப்போனா, அன்னிக்கே உங்க அம்மாவுக்கு ஃபோன் பண்ணி 'தோத்துட்டேம்மா'ன்னு சொல்ல முடியுமோ, அந்த ஊருக்கு."