இருபது லிட்டர் எண்ணெய்

காங்கேயம் பக்கம் ஒரு சின்ன மடம். அங்கே சோப்பு காய்ச்சுவார்கள். மடத்துக்கு எதற்கு சோப்பு என்றால், பள்ளிக்கூடம் திறக்கும்போது பக்கத்து விடுதிப் பிள்ளைகள் முந்நூறு பேருக்கு ஆளுக்கு ஒரு கட்டி கொடுப்பார்கள். அதற்குத்தான்.

குரு மங்கையர்க்கரசிக்கு வயது முப்பத்தொன்று. கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு வந்தவர். சீடர் நாச்சிமுத்துவுக்கு அறுபது. நாற்பது வருஷம் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர். குருவை அம்மா என்பார். கோபம் வந்தால் மட்டும் அம்மணி என்று வாயில் வந்துவிடும்.

இரண்டு வருஷமாக சமையல்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து, இந்தத் தடவை சோப்பை நான் காய்ச்சுகிறேன் என்று கேட்டு வாங்கினார். குரு சோப்பு அறைச் சாவியைக் கொடுத்தார். அளவைச் சொன்னார். தேங்காய் எண்ணெய் இருபது கிலோ, காஸ்டிக் சோடா மூன்று கிலோ அறுநூறு கிராம்.

நாச்சிமுத்து சோடாவைத் தராசில் நிறுத்துப் போட்டார். எண்ணெயை லிட்டர் குவளையால் இருபது தடவை ஊற்றினார். எண்ணெய் என்றால் அவர் கை குவளைக்குத்தான் போகும்.

சோப்பு பார்க்க நன்றாக இருந்தது. வெள்ளையாக, விளிம்பு உடையாமல் வந்தது. ஒரு மாதம் காய வைத்தார்.

மடத்தில் ஒரு விதி உண்டு. காய்ச்சியவர்தான் முதல் கட்டியில் குளிக்க வேண்டும். நாச்சிமுத்து குளித்தார். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் எரிந்தது. சொன்னால் சாவி போய்விடும், திரும்பவும் பாத்திரம்தான். அதனால் அருமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மறுநாள் கத்திரி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு வந்தார்.

குரு துண்டைப் பார்த்தார். ஒரு கட்டியை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். சுர்ரென்றது. துப்பினார்.

"எரிஞ்சுதா?"

"லேசாங்க."

"விடுதியில ஆறு வயசுப் பிள்ளைங்க இருக்கு. அதுங்களுக்கும் லேசாத்தான் எரியுமா?"

நாச்சிமுத்துவின் முகம் சுருங்கிப்போனது. அப்புறம் கோபம் வந்தது. அளவு சொன்னது நீங்கள், இருபது என்றால் இருபது, எண்ணித்தான் ஊற்றினேன் என்றார்.

"எண்ணெய் வித்தவனுக்கே எண்ணெய் அளக்கச் சொல்லித் தர்றீங்களா அம்மணி?"

குரு தராசை மாட்டினார். ஒரே மாதிரி லிட்டர் குவளை இரண்டு எடுத்தார். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் எண்ணெய். இரண்டையும் அவரையே வைக்கச் சொன்னார்.

தண்ணீர்ப் பக்கம் இறங்கியது. நாச்சிமுத்து எண்ணெய்த் தட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். விட்டதும் மேலே போனது. தராசு கோளாறு என்று தட்டு மாற்றி வைத்தார். அப்போதும் தண்ணீர்தான் இறங்கியது.

குரு எடைக்கற்களை அவர் பக்கம் தள்ளினார். நாச்சிமுத்து எண்ணெய்ப் பக்கம் ஐம்பது கிராம் வைத்தார், இருபது வைத்தார், பத்து வைத்தார். முள் நேராக நின்றது.

"தண்ணி ஒரு கிலோ," என்றார் நாச்சிமுத்து மெதுவாக. "அப்ப எண்ணெய் தொள்ளாயிரத்து இருபது கிராம்தான்."

"இருபது லிட்டருக்கு?"

விரல் விட்டுப் பார்த்தார். "பதினெட்டு கிலோ நானூறு. ஒரு கிலோ அறுநூறு குறையுதுங்க."

அந்தக் குறைந்த எண்ணெய்க்கான சோடாதான் சோப்பாக மாறாமல் அப்படியே உட்கார்ந்து எரித்திருக்கிறது.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம் இருந்தது. எல்லாக் கட்டியையும் துருவி, தண்ணீர் விட்டு உருக்கி, குறைந்த எண்ணெயைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்றார் குரு. தேங்காய்த் துருவியில் இரண்டு பேரும் இரண்டு நாள் துருவினார்கள். நாச்சிமுத்து கையுறைக்குள் வியர்க்கிறது என்று முணுமுணுத்தார். குருவும் முணுமுணுத்தார்.

உருக்கியதும் நாச்சிமுத்து எடைக்கல்லைத் தேடினார். குரு அதை எடுத்து ஒளித்துவைத்திருந்தார். குவளையில் குறைந்ததைக் குவளையாலேயே கொடுங்கள் என்றார்.

நாச்சிமுத்து ஒரு லிட்டர் ஊற்றினார். அடுத்த குவளையில் அறுநூறு மில்லி கோடு வரை நிரப்பினார்.

"எவ்வளவு?"

"ஒண்ணு அறுநூறு."

"ஒண்ணு அறுநூறு என்ன?"

கை நின்றது. குவளையில் இருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. கீழே உட்கார்ந்து கரியால் தரையில் எழுதினார். ஊற்றிய லிட்டரில் போனது தொள்ளாயிரத்து இருபது கிராம். இன்னும் வேண்டியது அறுநூற்று எண்பது. முக்கால் லிட்டர் என்றால் அறுநூற்றுத் தொண்ணூறு. குவளையை முக்காலுக்கு நிரப்பினார். பத்து கிராம் கூடுதே என்றார். எண்ணெய் கூடினால் யாருக்கும் எரியாது என்றார் குரு.

இரண்டு வாரம் கழித்து நாச்சிமுத்து புதுக் கட்டியில் குளித்தார். எரியவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை குளித்தார். சட்டை போடாமலே வந்து கழுத்தைக் காட்டினார். குரு நாக்கில் வைத்துப் பார்த்தார். வெறும் சோப்பு ருசி. முகத்தைச் சுளித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றார். கட்டிகள் கொஞ்சம் சொரசொரப்பு. பிள்ளைகள் அதையெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

முந்நூறு கட்டியும் விடுதிக்குப் போன அன்று நாச்சிமுத்து, யாரும் கேட்காமலேயே, சாவியைக் குருவின் முன்னால் வைத்தார்.

"எனக்கு அளக்கவும் தெரியலை, எரிஞ்சதைச் சொல்லவும் தெரியலை. நான் சமையல்கட்டுக்கே போயிடறேனுங்க அம்மா."

குரு சாவியை அவர் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"அங்க போனா எண்ணெய் கனமாயிடுமா?"