வடக்குச் சுனை மைனா

ஒரு காட்டில் பெரிய ஆலமரம் இருந்தது. அதன் கிளைகளில் மைனாக்கள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சேதி மனப்பாடம். எங்கே பழம், எங்கே புலி, எங்கே தண்ணீர் என்று மிருகங்கள் வந்து கேட்டுப் போகும்.

எந்த மைனாவுக்குக் கிளை கொடுப்பது என்று தீர்மானிப்பவர் ஆமையார். லேசுப்பட்ட ஆள் இல்லை! மலைக்கு அந்தப் பக்கம் தேன்மழை பெய்கிறது என்று ஒரு மைனா வந்தது. “நீயே பார்த்தியா? எப்போ பார்த்தே? சொல்றதால உனக்கு என்ன லாபம்?” என்று அவர் கேட்ட கேள்வியில் அதற்கு இறகு பாதி கொட்டிவிட்டது!

வடக்குச் சுனை மைனா அவருடைய செல்லம். அது வந்த காலத்தில் அவரே சுனைவரை நடந்துபோய், தண்ணீரைக் குடித்துப் பார்த்துத்தான் கிளை கொடுத்தார். அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அதுதான் சோதித்தாயிற்றே!

பிறகு ஒரு கோடை வந்தது. நிழல்கூட வெயில் தாங்காமல் பொந்துக்குள் போய் ஒளிந்துகொண்ட கோடை.

சுருளி என்ற மான் தன் குட்டியோடு ஆலமரத்தடிக்கு வந்தது. குட்டிக்கு நாக்கு வெளியே தொங்கியது.

“வடக்கே சுனை! ஜில்லென்று தண்ணீர்!” என்று பாடியது மைனா.

“போகாதே சுருளி!” என்று கரகரத்தது ஒரு காக்கை. “சுனை வற்றிப்போச்சு. காலையிலதான் பார்த்தேன். மேற்கே ஓடைக்குப் போ!”

“குப்பை கிளறுற வாய்க்குச் சேதி வேறயா? போடா!” என்றார் ஆமையார். கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

“பெரியவரே, என்னை நம்பாட்டிப் போங்க. சுனையை ஒருதரம் போய்ப் பாருங்க!”

“அது நான் சோதிச்ச மைனாடா!”

மான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. வடக்கே நடந்தது.

ஆமையாருக்கு ஏனோ மனசு உறுத்தியது. பின்னாலேயே கிளம்பினார். ஆமை நடைதானே! போய்ச் சேர்ந்தபோது, சுனை இருந்த இடத்தில் பாளம் பாளமாக வெடித்த சேறு. அதன்மேல் குட்டி கிடந்தது. தாய் அதன் காய்ந்த வாயை நக்கிக்கொண்டே இருந்தது.

“நீங்க சோதிச்சதுன்னுதானே வந்தேன்?”

“சோதிச்சேம்மா... அப்போ சோதிச்சேன்.”

“இவனை எழுப்புங்க ஆமையாரே. எழுந்துட்டா மேற்கே போயிடுவோம்.”

குட்டி எழவில்லை.

அங்கே ஆலமரத்தில் மைனா இன்னும் இனிமையாகப் பாடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுவிட்டு ஒரு காட்டுப்பன்றி, தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வடக்கே புறப்பட்டது.

சேதியைச் சேர்க்கும்போது சோதித்தால் மட்டும் போதாது. அதை வைத்திருக்கும்வரை சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேற்றைய உண்மையே இன்றைக்கு உயிரைக் குடித்துவிடும்.