பெரிய டீச்சரின் வாழைப்பழ ரொட்டி

கொடைக்கானலில் எஸ்தர் வீட்டுச் சமையலறையில் செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு பெண்கள் கூடுவார்கள். எஸ்தர் அவர்களுக்கு ரொட்டியும், மாவுக்குள் பழம் வைத்து மூடிய ‘பை’ என்ற பலகாரமும் சுடக் கற்றுக்கொடுத்தாள். வயது முப்பத்தாறு. பேச்சு குறைவு. கை மட்டும் ஓயாது.

அந்த வகுப்புக்கு ஒரே ஒரு விதிதான். வீட்டில் செய்து பார்த்து ஒருத்தி எதைக் கண்டுபிடித்தாலும் அடுத்த வாரம் அதை எல்லோருக்கும் எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஆறு பேரில் மூத்தவர் சிவகாமசுந்தரி. தமிழாசிரியையாக வேலைக்குச் சேர்ந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். அறுபத்தொரு வயது. எஸ்தருக்கே எட்டாம் வகுப்பில் தமிழ் எடுத்தவர். அதனால் வகுப்பில் எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர்.

முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் எஸ்தர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க டீச்சர்."

"மத்தவங்க நிக்கிறாங்களே. இங்க நான் படிக்க வந்திருக்கேன் எஸ்தர். நீங்க பாடத்தை ஆரம்பிங்க," என்று சொல்லி அவரும் நின்றுகொண்டார்.

அன்றைய பாடம் பேரிக்காய் பை. "இன்னைக்குப் பை. ஆரம்பிக்கலாம்" என்று எஸ்தர் சொன்னதும் மெஹருன்னிசா என்ற பெண் தன் துணிப்பையை எடுத்து நீட்டினாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மெஹர் முகம் சிவந்து, பிறகு தானும் சிரித்தாள்.

எஸ்தர் செய்து காட்டினாள். வெண்ணெய் கட்டியாக, குளிர்ந்தே இருக்க வேண்டும். அதை விரல் நுனியால் மட்டும் மைதாவில் உதிர்க்க வேண்டும். ஐஸ் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, மாவு ஒன்றுசேர்ந்த உடனே கையை எடுத்துவிட வேண்டும். பாதி மாவைத் தட்டில் விரித்து, பட்டைத்தூளும் சர்க்கரையும் புரட்டிய பேரிக்காயை நிரப்பி, மீதி மாவால் மூடிச் சுட வேண்டும்.

சிவகாமசுந்தரி சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி அழுத்திப் பிசைந்தார். அவருடைய பையைத் தட்டினால் சத்தம் வந்தது.

எஸ்தர் அதை ஒடித்து உள்ளே இருந்த பழத்தைத் தின்றாள். "பேரிக்காய் நல்லா வெந்திருக்கு டீச்சர்," என்றாள்.

சிவகாமசுந்தரிக்குத் தோற்றுப் பழக்கமில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். பள்ளிக்கூடமே குடும்பம். முப்பத்தைந்து வருஷம் யாராவது ஒருவர் கையில் ஒரு தாளோடு அவருக்காகக் காத்திருப்பார். ஓய்வு பெற்ற பிறகு ஒருவரும் எதையும் கேட்டு வரவில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

வீட்டில் தானே செய்து பார்க்க வாழைப்பழ ரொட்டியைத் தேர்ந்துகொண்டார். மலைவாழைப்பழம் நாலு, தோல் கறுத்துச் சுருங்கியது. மைதா அரைக் கிலோ. முட்டை ஒன்று. ஏலக்காய் ஆறு. இரண்டு கரண்டி வெண்ணெய், மாவு எழும்ப ஒரு கரண்டி ஈஸ்ட், ஒரு சிட்டிகை உப்பு. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு வடிகட்டி ஊற்றினார்.

ரொட்டி எழும்பவில்லை. மறுபடி செய்தார். எழும்பவில்லை. ஈஸ்டை மாற்றினார், மாவை மாற்றினார், பழத்தைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். பதினொரு தடவை வீணானது. பன்னிரண்டாவது தடவை வெல்லத்தைக் கொதிக்கவைத்த நேரம் கேஸ்காரர் வந்துவிட்டார். சிலிண்டரை மாற்றி, பேசி அனுப்பிவிட்டு வந்து, ஆறிப்போன பாகை அலுப்போடு மாவில் ஊற்றினார்.

அன்றைக்கு ரொட்டி பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி எழுந்து நின்றது. இத்தனை நாளும் கொதிக்கிற பாகு ஈஸ்டைக் கொன்றுகொண்டிருந்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

வகுப்பில் அந்த ரொட்டி கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. எஸ்தர் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாள்.

"எழுதிக்குடுங்க பெரிய டீச்சர்," என்றார்கள் எல்லோரும்.

"இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும்," என்றார் அவர். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரமும்.

மெஹருன்னிசாதான் தனியாக வந்து கேட்டாள். அவள் மகள் நிலோஃபருக்கு வத்தலக்குண்டில் மாமியார் வீடு. ஏழாம் மாசம்.

"வாயில எதுவும் வைக்க முடியலன்னு சொல்லுது. ஒரு தடவை உங்க ரொட்டி ஒரு துண்டு கொண்டுபோனேன். அதை மட்டும் தின்னுச்சு டீச்சர். ஞாயித்துக்கிழமை சீர் கொண்டுபோறோம். நானே செஞ்சு கொண்டுபோகணும்னு ஆசை."

இல்லை என்று சொல்ல முடியவில்லை. சிவகாமசுந்தரி வீட்டில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதினார். 'வெல்லப்பாகை ஆறவைத்து மாவில் ஊற்றவும்' என்ற வரியில் பேனா நின்றது. பதினொரு ரொட்டி அந்த வரிக்குள் இருந்தது. இதையும் கொடுத்துவிட்டால் நாளைக்கு எதற்காக ஒருவர் தன்னைக் கேட்டு வரப்போகிறார் என்று தோன்றியது.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு வேறு தாளில் எழுதினார். 'வெல்லப்பாகை மாவில் ஊற்றவும்.'

ஒரு வார்த்தைதான் குறைந்தது. படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெஹர் வரவில்லை. வகுப்புக்கு வரும், அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

"ரொட்டி கல்லு மாதிரி இருந்துச்சாம். சம்பந்தி வீட்டுல எல்லார் முன்னாடியும், சுவத்துல ஆணி அடிக்க வச்சுக்கலாம்னு சொல்லிச் சிரிச்சாங்களாம். மெஹர் ஓவனைத் திரும்ப அட்டைப்பெட்டியில வச்சுக் கட்டிருச்சு. தன் கைக்கு ஒண்ணும் வராதாம். இனிமே வரமாட்டேன்னுட்டுது."

சிவகாமசுந்தரி தன் முன்னால் இருந்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பாடத்தைத் தொடர்ந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த செவ்வாயன்று, வகுப்பு மத்தியானம் என்றாலும், காலையிலேயே எஸ்தர் வீட்டுக்குப் போனார்.

"ஒரு கேள்வி."

"கேளுங்க டீச்சர்."

"ஒருத்தி பாடுபட்டுக் கண்டுபிடிச்சது அவளுக்குத்தானே சொந்தம்? அதை ஏன் எல்லாருக்கும் குடுக்கணும்? எல்லாத்தையும் குடுத்துட்டா அவளுக்குன்னு என்ன மிச்சம்?"

எஸ்தர் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"மெஹருக்கு எழுதிக்குடுத்ததை எனக்கும் எழுதிக்குடுங்க."

சிவகாமசுந்தரி பேனாவை எடுத்தார். அந்த வரி வந்தபோது கை நின்றது. விட்ட வார்த்தையை இப்போது சேர்த்து எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் மெஹருக்கு எழுதியதையே எழுத்து மாறாமல் எழுதினார்.

எஸ்தர் படித்தாள். ஒரு இடத்தில் அவள் கண் நின்று நகர்ந்தது. தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு மைதாவையும் வெல்லத்தையும் எடுத்து வைத்தாள்.

"இதுல இருக்கிறபடியே செய்யுங்க."

வெல்லம் கொதித்தது. வடிகட்டினார். ஆவி பறந்தது. பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஊத்துங்க டீச்சர்."

"கொஞ்சம் ஆறட்டும்."

"அப்படி எழுதலையே."

சிவகாமசுந்தரியின் கண் கலங்கியது. ஊற்றினார்.

மாவு மூன்று மணி நேரம் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. அதை அப்படியே சுட்டார்கள். எஸ்தர் கத்தியை அழுத்தி இரண்டு துண்டு அறுத்தாள். ஒன்றை அவருக்குக் கொடுத்து மற்றதைத் தான் எடுத்துக்கொண்டாள். இருவரும் உட்கார்ந்து மென்றார்கள். எஸ்தர் தன் துண்டை முழுவதும் தின்றாள். அதைப் பார்த்துவிட்டு அவரும் தன்னுடையதைத் தின்று முடித்தார்.

"மிச்சத்தை என்ன செய்யட்டும்?" என்றார்.

எஸ்தர் அதை ஒரு சுத்தமான துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"மெஹர் வீடு தெரியும்ல டீச்சர்?"

மெஹர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. நிலோஃபர் பிரசவத்துக்கு வந்திருந்தாள். கட்டிலில் சாய்ந்தபடி, "அம்மா, உங்க டீச்சர்," என்று குரல் கொடுத்தாள்.

மெஹர் துணியைப் பிரித்து ரொட்டியைத் தட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துபோனது.

"உங்களுக்குமா இப்படி வந்துச்சு? உங்களுக்கே வந்துச்சா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன் டீச்சர்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கே ஓவன் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும். சிவகாமசுந்தரிக்கு அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

"இல்லம்மா," என்றார். "உனக்கு எழுதினதுல நான் ஒரு வார்த்தையை விட்டுட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன். பாகை ஆறவைக்கணும்."

மெஹர் கையை விட்டாள்.

"தெரிஞ்சேவா?"

"ஆமா."

"மூணு தடவை செஞ்சேன் டீச்சர். விடியக்காலம் எந்திரிச்சு மூணு தடவை. மூணு தடவையும் என் கையைத்தான் வஞ்சுக்கிட்டேன்." குரல் உயரவில்லை. "எங்க வீட்டுல எல்லாரும் எனக்கு ஒண்ணும் வராதுன்னுதான் சொல்லுவாங்க. நீங்களும் அப்படியே ஆக்கிட்டீங்களே."

சிவகாமசுந்தரி ரொட்டியை மறுபடி துணியில் சுற்றினார்.

"இப்பப் போங்க டீச்சர்," என்றாள் மெஹர்.

அவர் மத்தியான வகுப்புக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதினார். குறிப்பு முழுவதையும் எழுதினார். பதினொரு ரொட்டி எப்படி வீணானது என்று எழுதினார். மெஹருக்குக் கொடுத்ததில் எந்த வார்த்தையை, என்ன பயத்தால் விட்டார் என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். ஆறு பிரதி எடுத்து ஆறு வீட்டுக்கும் தானே நடந்துபோய்க் கொடுத்தார். எஸ்தருக்கு ஒன்று. மெஹர் வீட்டில் நிலோஃபர்தான் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகக் கால் கூசியது. போனார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் நிற்கக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள், அவ்வளவுதான். ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

மெஹர் வந்தாள். தட்டில் ஒரு ரொட்டி. உயரமாக, பழுப்பு நிறமாக, மேலே வறுத்த தேங்காய்ப்பூ தூவியது. மேசையில் வைத்து அறுத்தாள். உள்ளே மெத்துமெத்தென்று கண் கண்ணாகத் திறந்திருந்தது. எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். கடைசியாக, முகத்தைப் பார்க்காமல், சிவகாமசுந்தரியிடம் தட்டை நீட்டினாள்.

அவர் வாயில் வைத்தார். மெதுவாக மென்றார்.

"என்னுதைவிட நல்லா இருக்கு," என்றார்.

"தேங்காய் என் யோசனை," என்றாள் மெஹர். "எழுதிக் கொண்டாந்திருக்கேன்." ஆறு தாள்களை மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"எனக்கு இன்னும் கோபம் தீரல டீச்சர்."

"தீர வேண்டாம்மா."

"வியாழக்கிழமை வீட்டுக்கு வாங்க. நிலோஃபர் கத்துக்கணும்னு நிக்குது. நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக்குடுங்க."

"நான் எதுக்கு? முழுக் குறிப்பும் உன்கிட்ட இருக்கே. நீயே சொல்லிக்குடுக்கலாமே?"

"இருக்கு," என்றாள் மெஹர். "இருந்தாலும் வாங்க."

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு சிவகாமசுந்தரி தங்கிவிட்டார். எஸ்தர் தட்டுகளைக் கழுவ, அவர் ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தார்.

"எஸ்தர்."

"சொல்லுங்க டீச்சர்."

"இப்ப என்கிட்ட ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல. மெஹர் என்னைவிட நல்லா செய்யறா. கோபமும் தீரலைங்கறா. அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிடறா?"

எஸ்தர் கடைசித் தட்டை அலசி நீட்டினாள்.

"குறிப்புல எல்லாம் இருக்கு டீச்சர். நீங்க மட்டும்தான் இல்ல."