ஆனையம்மாவின் காலடியில் ஓர் இடம்

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு புல்வெளி இருந்தது. அங்கே விலங்குகள் எல்லாம் குழியாட்டம் ஆடின. ஒரு கடுக்காயை அடித்து அடித்துக் குழியில் விழவைக்க வேண்டும். பிறகு அடுத்த குழி, அதற்கடுத்த குழி. குறைந்த அடியில் முடிப்பவர் கெட்டிக்காரர். கை உள்ளவர் கோலால் அடிக்கலாம், இல்லாதவர் காலால் தட்டலாம். மனிதர்களும் இதையேதான் கோல்ஃப் என்று சொல்லிக்கொண்டு, தலையில் தொப்பி வேறு போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள்.

ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் வருஷம் முழுக்கக் காடு காடாகப் போய் ஆடுவார்கள். அதற்குப் பெருஞ்சுற்று என்று பெயர். போகிற இடமெல்லாம் பலாச்சுளை, தேன், இளம்புல் என்று விருந்துதான். அதைவிடப் பெரிய பேறு ஒன்றும் உண்டு. சுற்றில் இருப்பவர்கள் தங்கள் குட்டிகளோடு ஆனையம்மாவின் காலடியில் படுத்துத் தூங்கலாம். ஆனையம்மா நிற்கும் பக்கம் சிறுத்தை தலை காட்டாது. ஆனால் எவ்வளவு பெரிய ஆனைக்கும் கால் நான்குதானே? அந்தக் காலடியில் எத்தனை பேர் கொள்ளுமோ, பெருஞ்சுற்றிலும் அத்தனை பேருக்குத்தான் இடம்.

அந்த இடம் யாருக்கு? அதைச் சொல்லத்தான் தைத்திறப்பு இருந்தது. தை மாதத்தில் சில நாட்கள் யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம். ஏற்கெனவே சுற்றில் இருப்பவர்களும் வந்து ஆடியே ஆக வேண்டும். நன்றாக ஆடியவர்கள் உள்ளே. மற்றவர்கள் அடுத்த தை வரை வெளியே.

அடடா, அந்தத் தைக் காலைகள்! குளத்தின் மேல் பனி பாலாடை மாதிரி கிடக்கும். நெல்லிக்காய் வாசம் வரும். ஒருவர் அடிக்கக் குனிந்தால் தவளைகூட வாயை மூடிக்கொள்ளும். எங்கிருந்தோ வந்த ஒரு முயல், போன வருஷத்து வீரரைத் தோற்கடித்துவிட்டு, தானே பயந்துபோய்ப் புதருக்குள் ஒளிந்துகொள்ளும்! கண்காணிக்க ஆள் கிடையாது. அவரவர் அடியை அவரவரே எண்ணுவார்கள். காய் தெரியாமல் காலில் பட்டு நகர்ந்துவிட்டால், "எனக்கு ஒன்று கூட்டுங்கள்!" என்று தாங்களே கத்துவார்கள்.

இதையெல்லாம் நிறுத்தியது நரியார்தான்.

"ஒவ்வொரு தையும் இடம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டியிருக்கிறதே, நமக்கு ஏன் இந்தப் பாடு?" என்றார் அவர் ஒரு நாள். "உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருப்போம். புதிதாக ஆள் வேண்டுமென்றால் நாமே பார்த்துக் கூப்பிடுவோம்!"

கரடியண்ணன் தலையாட்டினார். மயிலார் தலையாட்டினார். அப்போது சுற்றில் சிற்றடி என்ற சருகுமானும் இருந்தாள். முயலைவிடக் கொஞ்சம் பெரியவள், அவ்வளவுதான். அவளும் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு மயிலாரின் அக்கா மகன் சுற்றில் சேர்ந்தான். அவனுக்கு ஆட வராது. ஆனால் நின்றால் பார்க்க அழகாக இருப்பான்.

சில வருஷங்கள் போயின. சிற்றடி கருவுற்றாள். நிறை வயிற்றோடு காடு காடாக நடக்க முடியாமல், ஒரு வருஷம் சுற்றுக்குப் போகாமல் இருந்துவிட்டாள். முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு ஒரு பெண்குட்டி பிறந்தது. பொட்டு என்று பேர் வைத்தாள்.

குட்டி பிறந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. ஒரு சருகு அசைந்தால் எழுந்துகொள்வாள். பொட்டுவை ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்கு மாற்றிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் விடிந்து பார்த்தால், முந்தின நாள் குட்டி படுத்திருந்த சருகுக் குவியலில் சிறுத்தையின் காலடித் தடம்! 'இனி ஆனையம்மாவிடம் போய்விட வேண்டியதுதான்' என்று குட்டியைக் கூட்டிக்கொண்டு குளக்கரைக்கு நடந்தாள்.

அங்கே சுற்றுக்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணா, நான் திரும்ப வந்துவிட்டேன். எனக்கும் என் குட்டிக்கும் இடம் வேண்டும்" என்றாள் சிற்றடி.

நரியார் கொட்டாவி விட்டார். "போன வருஷம் சுற்றில் ஆடினாயா, அம்மா?"

"எப்படி ஆடுவேன்? வயிற்றில் இவள் இருந்தாளே!"

"போன வருஷம் ஆடியவர்களுக்குத்தான் இந்த வருஷம் இடம். உன் இடத்தை எப்போதோ கொடுத்தாகிவிட்டது."

"அப்படியென்றால் தைத்திறப்பு வையுங்கள். ஆடிக் காட்டுகிறேன்!"

"வாசலை மூடலாம் என்றதும் நீயும்தானே தலையாட்டினாய்? மறந்துவிட்டதா?" என்று நரியார் பல்லைக் காட்டினார்.

சிற்றடிக்கு முகம் சுண்டிவிட்டது. "ஆமாம், ஆட்டினேன். உள்ளே இருந்தேன், அதனால் ஆட்டினேன்" என்றாள். பிறகு பொட்டுவை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "நரியண்ணா, ஒரு சந்தேகம். போன வருஷம் ஆடியவருக்குத்தான் இடம் என்றால், நீங்கள் எல்லாம் முதல் வருஷம் எப்படி உள்ளே வந்தீர்கள்?"

"எப்படியா?" என்று கரடியண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "நான் வந்த கதை தெரியாதா உனக்கு? எங்கள் காட்டில் மழையே இல்லை. விலா எலும்பு எண்ணலாம், அப்படி இருந்தேன். பாதத்தில் முள் வேறு. நொண்டிக்கொண்டே வந்தேன். அந்தப் பாறை மேலிருந்து அடித்தேன் பார், காய் குளத்தைத் தாண்டிப் போய் நேரே குழியில் விழுந்தது! எல்லாரும் கத்தினார்கள், 'யாரப்பா அந்த ஒல்லிக் கரடி?' என்று!"

"நான் மட்டும் என்ன? அப்போது எனக்குத் தோகையே முளைக்கவில்லை!" என்று மயிலார் மரக்கிளையிலிருந்து இறங்கி வந்தார். "கோழி என்று நினைத்துச் சிரித்தார்கள். கடைசிக் குழியில் யாரும் சிரிக்கவில்லை!"

நரியாருக்கும் பொறுக்கவில்லை. "எனக்கு அன்றைக்கு ஜுரம். ஜுரத்தோடு ஆடினேனாக்கும்!" என்றார்.

பேச்சு நீண்டுகொண்டே போனது. அந்தப் பனி, அந்த நெல்லி வாசம், அந்த அமைதி. சொல்லச் சொல்ல எல்லார் கண்ணும் பளபளத்தது.

"போன வருஷம் எப்படி இருந்தது, அண்ணா? அந்தக் கதையையும் சொல்லுங்களேன்" என்றாள் சிற்றடி மெதுவாக.

கரடியண்ணன் யோசித்தார். காதைச் சொறிந்தார். மயிலாரைப் பார்த்தார். மயிலார் குளத்தைப் பார்த்தார்.

"ஆடினோம்" என்றார் கரடியண்ணன் கடைசியில். "சாப்பிட்டோம்... வேறு ஒன்றும் ஞாபகம் வரவில்லையே!"

மூங்கில் மென்றுகொண்டிருந்த ஆனையம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். "என் காலடியில் யார் படுத்தாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் முன்னெல்லாம் நீங்கள் படுத்துக்கொண்டு கதை பேசுவீர்கள். இப்போது குறட்டைதான் விடுகிறீர்கள்."

கரடியண்ணன் கோலை எடுத்தார். "வைப்போமய்யா தைத்திறப்பு!"

"வெளியே போய்விட்டால்?" என்று நரியார் பதறினார்.

"போனால் போகிறது. இன்னொரு தரம் நொண்டிக்கொண்டு வருவேன்!"

தை பிறந்தது. எங்கெங்கிருந்தோ கூட்டம் வந்தது. மயிலாரின் அக்கா மகன் முதல் காயையே குளத்தில் போட்டான். தோகை நனைந்துவிட்டது என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டான். நரியார் பிரமாதமாக ஆடினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். இவ்வளவு நன்றாக ஆடத் தெரிந்தவர் எதற்காக அப்படிப் பயந்தார் என்று யாருக்கும் புரியவில்லை.

கடைசியில் ஓர் இடம்தான் மிச்சம். அதற்குக் கரடியண்ணனும் சிற்றடியும் நின்றார்கள். கடைசிக் குழி வரை இருவரும் சமம்.

சிற்றடி குனிந்தாள். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஒரு குரங்கு சிறுத்தையைக் கண்டு கத்தியது. பொட்டு ஆனையம்மாவுக்கு அருகில் நிற்கிறாளா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். குட்டி அங்கேயேதான் நின்றாள். சிற்றடி மூச்சை இழுத்துவிட்டு மெல்லத் தட்டினாள். காய் உருண்டு உருண்டு விளிம்பில் தயங்கி, உள்ளே விழுந்தது.

இனி கரடியண்ணன் ஒரே அடியில் போட்டால் சமம். காய் குழிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவர் கிட்டப் போய், புல்லை விலக்கி, தட்டினார். விழுந்தது.

"சமம்! சமம்! இன்னொரு குழி ஆடட்டும்!" என்று கூட்டம் கத்தியது.

கரடியண்ணன் நகரவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒன்று கூட்டுங்கள்!" என்றார். "புல்லை விலக்கும்போது காய் அசைந்துவிட்டது."

எத்தனை வருஷமாயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு!

"நான் பார்க்கவில்லையே, அண்ணா!" என்றாள் சிற்றடி.

"நான் பார்த்தேனே!" என்றார் கரடியண்ணன். கோலைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீ குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்ப் படு, தங்கச்சி. என்னைச் சிறுத்தை தின்னாது. தின்றால் அதற்குத்தான் வயிற்றுவலி!"

அன்று ஆனையம்மாவின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் பொட்டு சுருண்டு படுத்தாள். பல மாதம் கழித்துச் சிற்றடியும் கண்ணை மூடினாள். சருகுகள் அசைந்தன. அவள் எழுந்துகொள்ளவில்லை.

அடுத்த தையில் குளத்தின் மேல் பனி அப்படியே பாலாடையாகக் கிடந்தது. ஆட வந்தவர்கள் வரிசையில் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். வருஷம் முழுக்கக் காலையும் மாலையும் ஆடிப் பழகியதில் உடம்பு இளைத்திருந்தது. பயத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் முகம் என்னவோ மலர்ந்திருந்தது.

பொட்டு அம்மாவை இடித்தாள். "யாரம்மா அந்த ஒல்லிக் கரடி?"

தோற்றுவிடுவோமோ என்று பயந்து வாசலை மூடாதீர்கள். ஒரு நாள் நாமே வெளியே நிற்க நேர்ந்தால், திரும்பி வருவதற்கும் அந்த ஒரு வாசல்தான் உண்டு.