பிள்ளை பிறந்த வீடு

புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தால் அண்டா குண்டாவைப் பங்கு போடலாம், ஆடு மாட்டைப் பங்கு போடலாம். மடியில் உட்கார்ந்து விரல் சப்பிக்கொண்டிருக்கும் பிள்ளையை எப்படிப் பங்கு போடுவது, சொல்லுங்கள் பார்ப்போம்?

மருதவயல் சீமையில் அமுதாயிக்கு வந்த சங்கடம் இதுதான். அவள் புருஷன் சடையாண்டி வெற்றிலைக் கொடிக்கால்காரன். வாயைத் திறந்தால் ஏச்சுதான். சோறு குழைந்தாலும் ஏச்சு, குழையாவிட்டாலும் ஏச்சு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், "தீர்த்து விட்டுடுய்யா, நான் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சீமையில் ராஜா சபையில் இரண்டு பேரும் ஒரு துரும்பைப் பிடித்துக் கிள்ளிப் போட்டால் கல்யாணம் தீர்ந்தது. சடையாண்டியும் துரும்புக்குச் சம்மதித்தான். ஆனால், "பூவாத்தாளை விட மாட்டேன்" என்றான். பூவாத்தா அவர்களுடைய மகள், ஒரே பிள்ளை. பிள்ளை மேல் பாசமா? அதெல்லாம் இல்லை. பிள்ளையைப் பிடித்து வைத்தால் தாய் தானாகத் திரும்பி வருவாள், மாட்டையும் கறப்பாள் என்று கணக்கு!

சபையில் பெண்கள் வாதாடக் கூடாது. அவர்களுக்காக ஓர் ஆண்தான் பேச வேண்டும். அமுதாயிக்கோ அப்பன் இல்லை, அண்ணன் தம்பி இல்லை. சடையாண்டி கூடை கூடையாக வெற்றிலை கொடுத்து வரதப்பரைப் பிடித்துவிட்டான். வரதப்பர் வாயைத் திறந்தால் எதிராளி ஊரைவிட்டே ஓடுவான் என்று பேர்.

அமுதாயி நேராக அரண்மனைக்குப் போனாள். ராஜாவுக்கு வேண்டியவரான சொக்கப்பர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, எனக்காகப் பேச ஒரு வாய் வேணும்."

"பேசினால் எனக்கு என்னம்மா தருவாய்?"

"ஒரு சொம்பு மோர் தருவேன் ஐயா. பெருங்காயம் போட்டது."

"பெருங்காயமா? அப்படியானால் வருகிறேன்" என்றார் சொக்கப்பர். பிறகு மெதுவான குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

சபை கூடியது. கோதண்ட ராஜா வந்து அமர்ந்தார். வரதப்பர் மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"மகாராஜா! இவள் சீராகக் கொண்டுவந்தது ஒரு பசு. தாராளமாக ஓட்டிக்கொண்டு போகட்டும். ஆனால் அந்தப் பசுவின் கன்றுகள் எங்கள் தொழுவத்தில் பிறந்தவை. எது எந்த வீட்டில் பிறந்ததோ, அது அந்த வீட்டுக்கே சொந்தம். கன்றுக்கும் அதுதான் முறை, பிள்ளைக்கும் அதுதான் முறை!"

சபை தலையாட்டியது. அமுதாயி மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சொக்கப்பர் எழுந்தார். "ஆகா, அருமையான முறை! நான் ஒத்துக்கொள்கிறேன்."

அமுதாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, மோர் கேட்டுட்டு இப்படிப் பண்றீங்களே!"

"பொறும்மா. மகாராஜா, இதையே சட்டமாகச் சொல்லிவிடலாமே?"

"சொன்னோம்" என்றார் ராஜா. சடையாண்டிக்கு வாயெல்லாம் பல்.

சொக்கப்பர் அவன் பக்கம் திரும்பினார். "சடையாண்டி, உன் மகள் பிறந்தபோது நீ எங்கேயப்பா இருந்தாய்?"

"கொடிக்காலில் தண்ணி பாய்ச்சிக்கிட்டிருந்தேன் சாமி. மறுநாள்தான் சேதி வந்துச்சு. உடனே கற்கண்டு வாங்கிக்கிட்டு ஓடினேன்."

"ஓடினாயா? எங்கே?"

"எங்கேயா? மாமியார் வீட்டுக்குத்தான்! தலைப்பிரசவம் பின்னே எங்கே..."

பாதியில் நிறுத்திவிட்டான். சபையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். வளைகாப்புப் போட்டு அழைத்துப் போனது, அங்கே பிள்ளை பெற்றது, இதெல்லாம் பெண்களுக்கு மறக்குமா? ஆண்கள்தான் கற்கண்டோடு மறந்துவிடுவார்கள்!

"சட்டப்படி பிள்ளை தாய் வீட்டுக்குச் சொந்தம்" என்று சொல்லிவிட்டுச் சொக்கப்பர் உட்கார்ந்தார்.

வரதப்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "அநியாயம்! தலைப்பிள்ளை தாய் வீட்டில் பிறப்பது உலக வழக்கம்! அதற்காக அந்த வீட்டுக்குச் சொந்தமாகிவிடுமா? அப்படிப் பார்த்தால் நம் மகாராஜாகூடப் பாலைக்கோட்டையில் அவர் மாமன் அரண்மனையில்தான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். பாலைக்கோட்டை ராஜா யார் தெரியுமா? எல்லை ஏரிக்காக வருஷம் தவறாமல் சண்டைக்கு வரும் தாய்மாமன்!

"மேலே சொல்லுங்கள் வரதப்பரே" என்றார் சொக்கப்பர் பணிவாக. "மகாராஜா எந்த வீட்டுக்குச் சொந்தம்?"

ராஜா மெல்லச் சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"சொக்கப்பரே, இதற்கு ஒரு வழி சொல்லும்."

"இரண்டு வழி இருக்கிறது மகாராஜா. சட்டம் நின்றால் பிள்ளை தாய் வீட்டுக்கு. தாங்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான். சட்டம் போனால் கன்று பசுவின் பின்னால் போகும், பிள்ளை தாயின் பின்னால் போகும். எது வசதி?"

"சட்டம் போகட்டும், போகட்டும்!" என்று கையை உதறினார் ராஜா. "பிள்ளை, பசு, கன்று எல்லாம் அமுதாயியோடு. சடையாண்டி, சந்தை நாளில் மகளை வந்து பார்த்துக்கொள். ஏச்சு வாயை வீட்டில் வைத்துவிட்டு வா."

துரும்பு வந்தது. 'பட்'டென்று கிள்ளினார்கள். பூவாத்தா ஓடிப்போய் அந்தத் துண்டைப் பொறுக்கித் தன் காதில் கம்மலாகச் செருகிக்கொண்டாள். சபையே சிரித்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சொக்கப்பரே, உமக்கு என்ன வேண்டும்?"

"மோர் வருகிறது மகாராஜா, அது போதும். இன்னொன்று மட்டும் கேட்கிறேன். பேச ஆளில்லாமல் வரும் பெண்ணுக்கு அரண்மனையே ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும்."

"கொடுத்தோம். முதல் ஆள் நீர்தான்!"

அமுதாயி கும்பிட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வாசலில் கட்டியிருந்த பசுவை ஓட்டினாள். கன்றுகள் துள்ளிக்கொண்டு பின்னால் ஓடின. சபையும் கலைந்தது.

எல்லோரும் போனதும் ராஜா சொக்கப்பரை அருகில் வரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். "சொக்கப்பரே, ஒரு உபகாரம் செய்யும். இன்றைக்குக் கொஞ்ச நேரம் அப்படி ஒரு சட்டம் இருந்த விஷயம் எங்கள் மாமா காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளும்!"