ஜன்னலோர நாவல் மரம்

செம்பி என்ற மந்திக்கு அன்று கோபம் தலைக்கேறியிருந்தது. காட்டோரத்துப் பயணியர் விடுதியில் புதிதாக டிவி வைத்திருந்தார்கள். அது வந்ததிலிருந்து அவள் மகன் துடியன், விடுதி ஜன்னலுக்கு எதிரே நின்ற நாவல் மரத்தைவிட்டு இறங்குவதே இல்லை. பழம் கொடுத்தால் என்ன பழம் என்றுகூடப் பார்க்காமல் மெல்லுவான். அவன் சிநேகிதன் வரியன் என்ற அணில், விளையாடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனான்.

"இன்றைக்கு உன் காதைத் திருகாமல் விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே செம்பி மரத்தில் ஏறினாள்.

"கொஞ்ச நேரம், அம்மா" என்றான் துடியன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் காதைப் பிடித்தவளின் கண்ணும் திரைக்குப் போயிற்று. அங்கே ஒரு மாமியார், மருமகளின் பாலில் எதையோ கலந்துகொண்டிருந்தாள்.

"அடப் பாவமே, அந்தப் பெண் அதைக் குடித்துவிடுவாளா?"

"பேசாமல் பார், அம்மா."

செம்பியின் பிடி தளர்ந்தது. மகன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கீழே புதர் அசைந்தது. சிறுத்தை ஒன்று ஓசையில்லாமல் மரமேறத் தொடங்கியது. தூரத்தில் குரங்குக் கூட்டம் அலறியது இருவர் காதிலும் விழவில்லை. துடியனைத் தேடி வந்த வரியன்தான் சிறுத்தையைப் பார்த்தான்.

"செம்பியக்கா, சிறுத்தை!"

"இருடா, குடிக்கப் போகிறாள்" என்றாள் செம்பி.

வரியனுக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் வாலை நறுக்கென்று கடித்தான்.

துள்ளித் திரும்பியவள் சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்தாள். மகனை வாரி அணைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குத் தாவினாள். உட்கார்ந்தே மரத்துப்போன கால் வழுக்கியது. எப்படியோ ஒரு கிளையைப் பிடித்துத் தப்பினாள். சிறுத்தை ஏமாந்து இறங்கிப் போனது.

மூச்சு திரும்பியதும் மகனைத் திட்ட வாயெடுத்தாள்.

"நீயும்தானே பார்த்தாய்?" என்றான் துடியன்.

"கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தேன்டா."

"நானும் தினமும் அப்படித்தான் நினைக்கிறேன்."

செம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அவள் மகனை அதட்டவில்லை. "ஆலம் விழுதில் ஊஞ்சலாடப் போகிறேன். முடிந்தால் என்னைப் பிடி" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் ஓடினாள். துடியன் ஒரு கணம் தயங்கி நின்றான். பிறகு, வரியனையும் கூப்பிட்டுக்கொண்டு அவள் பின்னால் பாய்ந்தான்.

பிள்ளைகளைத் திரையின் முன்னாலிருந்து எழுப்ப விரும்பும் பெற்றோர், முதலில் தாங்கள் எழுந்து அவர்களோடு விளையாடப் போக வேண்டும்.